மரத்தவளைக்கு ஒரு வீடு
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் மரத்தவளையைப் பிடித்து, ஜாம் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கிவிடுகிறார்கள். சில நாளில் அது செத்துப்போகிறது. பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வளர்க்கும் முறையைப் பெரியவர்கள்தாம் சொல்லித் தரவேண்டும்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மெலிந்துபோனால், "தேரை விழுந்திருச்சு"ன்னு சொல்வாங்க. தேரை யாரையும் மெலிய வைப்பதில்லை. சத்துணவுக் குறைவும் வயிற்றுப் பூச்சியும் நோயுமே மெலிய வைப்பவை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தேரையைத் துடைப்பத்தால் அடிக்காதீர்கள்.

நம் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தேரைதான் மரத்தவளை. சிலவற்றின் முதுகில் 4 கோடுகள் இருக்கும். விரல் நுனியில் வட்டத் தட்டு இருப்பதால் கண்ணாடியிலும் ஏறும். ஆகவே, அதன் வீட்டுக்கு உயரமே முக்கியம். பழைய மீன் தொட்டியை நிமிர்த்தி வையுங்கள். ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். வாய்ப்பக்கத்தைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். கம்பி வலை மூக்கைக் கிழித்துவிடும்.

அடியில் ஈரமான தேங்காய் நார்த்தூள் போடுங்கள். சிறு கற்கள் வேண்டாம், இரையோடு விழுங்கிவிடும். ஏற இரண்டு குச்சிகள், ஒளிய அகன்ற இலைச் செடி ஒன்று, தண்ணீருக்குப் பால் படாத புது மங்கு ஒன்று, அவ்வளவுதான். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அந்தியில் தண்ணீர் தெளியுங்கள்.

தவளை நம்மைப் போல் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. சவர்க்காரமும் களைக்கொல்லியும் அப்படியே உள்ளே போய்விடும். எனவே சுத்தமான மழைநீரே நல்லது. மருந்து வந்த டின்னைக் கழுவிவிட்டோம் என்று எடுக்காதீர்கள். அது தவளைக்கும் ஆகாது, வீட்டுப் பிள்ளைக்கும் ஆகாது. மங்குத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மறந்தால் ஒரு வாரத்தில் டெங்கிக் கொசு பறக்கும்!

சோறும் ரொட்டியும் அதற்கு உணவல்ல. இருட்டியபின் உயிருள்ள சிள்வண்டு, சிறு கரப்பான் போடுங்கள். கொசு மருந்தடித்த பூச்சி வேண்டாம். தொட்டியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

மாணவர்களே, சில நாள் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு பிடித்த இடத்திலேயே ஓர் அந்திப் பொழுதில் விட்டுவிடுங்கள். கால்வாய் ஓரச் செடியில் வெள்ளை நுரைக்கூடு தொங்கினால் கலைக்காதீர்கள். அதற்குள் அதன் முட்டைகள் இருக்கின்றன. வாயில்லா ஜீவனுக்கு எது தேவையென்று பார்த்துச் செய்யும் பிள்ளை, நாளை தன் குடும்பத்தையும் அப்படியே பார்த்துக்கொள்ளும்.