தாயே மருந்து

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பச்சைக் குழந்தைக்கு என்று கேட்டால் நம் கை தாராளமாய் நீளும். குடியிலோ போதைமருந்திலோ விழுந்த தாய்க்கு என்று கேட்டால் அதே கை சற்றுத் தயங்கும். என் கையும் தயங்கியதுண்டு. ஆகையால் உங்களைக் குறைசொல்ல நான் இங்கே நிற்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வார்டில் ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். குடிப்பழக்கம் உள்ளவள். கைப்பிள்ளை பக்கத்தில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. "இந்தப் பிள்ளையை நினைத்தாவது நீ விட்டிருக்கலாமே, அம்மா" என்றேன். புத்திமதி சொன்ன திருப்தியோடு அடுத்த படுக்கைக்குப் போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்தப் படுக்கை காலியாயிருந்தது. பிள்ளையை நினைக்காமலா அவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாள்? இந்தக் கேள்வி எனக்குப் பிந்தித்தான் தோன்றிற்று.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராயிருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கியது அது. அவ்வூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அபின் வகை மருந்துகளுக்கு அடிமையான பெண்ணுக்கு, கர்ப்ப காலத்தில் மெதடோன் போன்ற மாற்றுமருந்து கொடுத்து டாக்டர்கள் அவளை நிலைப்படுத்துவார்கள். அதுவே சரியான சிகிச்சை. ஆனாலும் பிறந்த பிள்ளைக்குச் சில நாட்கள் நடுக்கமும் ஓயாத அழுகையும் உண்டாகலாம். முன்பெல்லாம் அப்படிப்பட்ட பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, மார்பின் சொட்டு கொடுப்பார்கள். தாய் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

டாக்டர் மாத்யூ கிராஸ்மனும் அவருடைய குழுவினரும் இதை மாற்றினார்கள். பிள்ளையைத் தாயோடு ஒரே அறையில் வைத்தார்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தார்கள். அணைத்து வைத்திருக்கவும் பாலூட்டவும் தாய்க்குத் துணைநின்றார்கள். மூன்றே கேள்விகள் கேட்டார்கள்: பிள்ளை பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? பத்து நிமிடத்திற்குள் சமாதானமாகிறதா? தேவைப்பட்டால் மட்டும் மருந்து கொடுத்தார்கள்.

2008-ல் தொடங்கி 2016-க்குள், இப்பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் சராசரியாக 22.4-லிருந்து 5.9 ஆகக் குறைந்தன. மார்பின் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 98 பேராயிருந்தது 14 ஆயிற்று. 2023-ல் 26 ஆஸ்பத்திரிகளில் 1,305 குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வும் இம்முறையின் நன்மையை உறுதிசெய்தது. அன்பானவர்களே, எந்தத் தாயைப் பிள்ளைக்கு ஆபத்து என்று எண்ணினோமோ, அவளே அந்தப் பிள்ளைக்கு மருந்தானாள்!

ஆனால் வீட்டுக்குப் போன பிறகு என்ன? போதை, மூளையில் இன்பம் தரும் பாதைகளையே பிடித்துக்கொள்கிறது. பிள்ளையின் முகம் பார்த்து மகிழ்வதும் அதே பாதைகளால்தான். ஆகவே மற்றத் தாய்க்குக் கொஞ்சலாய்க் கேட்பது, மீண்டுவரும் தாய்க்குத் தாங்கமுடியாத பாரமாய்க் கேட்கலாம். அந்தப் பாரமே அவளை மறுபடியும் பழைய பழக்கத்துக்குத் தள்ளவும் கூடும்.

அதே நியூ ஹேவனில் நான்சி சுச்மன் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பிள்ளையை எப்படி அடக்குவது, எப்படிப் பரிசு கொடுப்பது என்று கற்பிப்பது மட்டும் போதவில்லை என்று அவர் உணர்ந்தார். ஆகவே போதை சிகிச்சை நடக்கும் இடத்திலேயே, ஒவ்வொரு தாயோடும் தனியே பன்னிரண்டு அமர்வுகள் உட்கார்ந்து பேசும் முறையை ஏற்படுத்தினார். முதலில் தாயின் மனம். பிறகு பிள்ளையின் மனம்.

இரண்டு வயதுப் பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவனும் என்னை வெறுக்கிறான்" என்று தாய் நினைக்கிறாள். "அந்த நேரத்தில் உனக்குள் என்ன நடந்தது?" என்று ஆலோசகர் கேட்பார். பிறகு, "அவனுக்குள் என்ன நடந்திருக்கும்?" என்பார். யோசிக்க யோசிக்க, "போன தடவை போல நான் மறுபடியும் விட்டுப் போய்விடுவேனோ என்று பயப்படுகிறானோ?" என்று அவளே சொல்லக்கூடும். இப்படி நினைக்கத் தெரிந்தவள் கையை ஓங்குமுன் ஒரு நொடி நிற்பாள். அந்த ஒரு நொடியில் ஒரு பிள்ளை தப்பும்.

நம் ஊரிலே பெண் குடிக்கிறாள் என்று வெளியே சொல்லமாட்டார்கள். குடும்பம் மறைக்கும்; அவளும் மறைப்பாள். சிகிச்சைக்கு வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார், பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. பிள்ளையோடு தங்க இடம் உண்டு, ஏசுகிறவர் இல்லை என்று தெரிந்தால்தான் அவள் படியேறுவாள்.

வனாந்தரத்தில் ஆகார் என்ன செய்தாள்? பிள்ளை சாவதைப் பார்க்க மனமில்லாமல் அவனைச் செடியின்கீழ் விட்டு எட்டப்போய் உட்கார்ந்தாள். தேவன் பிள்ளையை அவளிடமிருந்து எடுத்து வேறொருவர் கையில் கொடுக்கவில்லை. அவளையே எழுந்திருக்கச் சொன்னார். அவள் கண்களுக்குத்தான் துரவைக் காட்டினார். அவள்தான் தண்ணீர் நிரப்பிப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

ஆகவே அடுத்த முறை ஒரு குழந்தைக்கென்று காணிக்கை கொடுக்கும்போது, அதன் தாய்க்கு ஒரு படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு, பஸ் செலவு, அவள் பேச்சைக் கேட்க ஓர் ஆள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் அந்தப் படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இனி வருகிறவளுக்காவது அந்த நாற்காலி ஆயத்தமாயிருக்கட்டும்.