சொல்லா, பண்ணா?

எங்கள் ஊர் ஆண்டிமடம். செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த ஊர். இன்று அது அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. என் சிறு வயதில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோடைக்காலம் வந்தால் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து நடைபெறும். ஒருமுறை கர்ண மோட்சம் காணப் பாட்டியோடு போயிருந்தேன். எனக்கு அப்பொழுது ஆறு ஏழு வயது இருக்கும். போர்க்களத்துக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். மத்தளம் அடங்கிற்று. முகவீணை மட்டும் தனித்து ஒலித்தது. கர்ணன் பாடத் தொடங்கினான். பாட்டி அழுதாள், நானும் அழுதேன்.

விடியற்காலையில் வீடு திரும்பும் வழியில், நீ எதற்காக அழுதாய் என்று பாட்டி கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கர்ணன் பாடிய பாட்டில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பாட்டிக்கோ அந்தப் பாட்டின் ஒவ்வோர் அடியும் மனப்பாடம். பொருள் தெரிந்தவளும் அழுதாள். பொருள் தெரியாதவனும் அழுதான். அப்படியானால் எங்களை அழவைத்தது எது? பாட்டின் சொல்லா, பண்ணா? அன்று விடை தெரியாமல் நின்ற அந்த வினாவையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இது புதிய வினா அன்று. இந்த வழக்கில் மிகப் பழையதாக நாம் அறியும் கதைகளுள் ஒன்று எங்கள் ஊருக்கு அருகிலேயே தொடங்குகிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையில் இராஜேந்திரப்பட்டினம் என்னும் ஊர் இருக்கிறது. அதன் பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அதுவே. அவர் திருஞானசம்பந்தரைச் சார்ந்து, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்துக்கொண்டு ஊர்தோறும் உடன் சென்றவர்.

காரைக்காலுக்கு அருகிலுள்ள தருமபுரத்துக்கு இருவரும் சென்றபோது நடந்ததைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர்கள், யாழ்ப்பாணர் யாழில் வாசிப்பதனால்தான் சம்பந்தருடைய பதிகங்கள் எங்கும் பரவுகின்றன என்று பெருமையாகப் பேசினார்கள். பாட்டைவிட வாத்தியம் பெரிது என்பது அவர்கள் கட்சி. தம்மைப் புகழ்ந்தவர்கள்மீது யாழ்ப்பாணர் மகிழவில்லை; மனம் நொந்தார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடி இவர்களுக்கு உண்மையை உணர்த்தவேண்டும் என்று சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணர் வாசிக்க முயன்றார், இயலவில்லை. யாழை உடைக்கக் கையை ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கும் அளவுக்கு வாசித்தால் போதும் என்று தேற்றினார். அதனாலேயே அந்தப் பண்ணுக்கு யாழ்மூரி என்ற பெயர் ஏற்பட்டது. இன்று ஓதுவார்கள் அப்பதிகத்தை அடாணா இராகத்தில் பாடுகிறார்கள்.

இதைக் கேட்டவுடன், ‘சொல் வென்றது, இசை தோற்றது’ என்று தீர்ப்புக் கூறிவிடத் தோன்றும். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். யாழில் அடங்காமற் போனது பதிகத்தின் பொருளா? பொருளை எந்த யாழும் என்றும் வாசித்ததில்லை. மிடற்றிலே எழுந்த இசையின் வளைவும் நெளிவும் அல்லவோ நரம்பில் அடங்கவில்லை! தோற்றது கருவி, இசை அன்று. மனிதக் குரலில் சொல்லும் பண்ணும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய்ப் பிறக்கின்றன என்பதே அக்கதையிலிருந்து நான் அறிவது.

இந்தக் கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிக் கிடந்து, கரையான் தின்றதுபோக எஞ்சியவற்றைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்துவிட்டது; ஆனால் அவற்றை எந்தப் பண்ணில் பாடுவது என்று சொல்வார் இல்லை. அப்பொழுது அவர்கள் எங்கே சென்றார்கள்? அதே எருக்கத்தம்புலியூருக்கு! அங்கே யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண் இருந்தாள். அவளைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள். சொல்லை ஏடு காத்தது. பண்ணை ஒரு பெண்ணின் மிடறு காத்தது. இரண்டில் ஒன்று அழிந்திருந்தாலும் தேவாரம் பாதிதான் நமக்குக் கிடைத்திருக்கும்.

இனி, சென்ற இரு நூற்றாண்டுகளுக்கு வருவோம். உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் கனம் கிருஷ்ணையர் என்னும் சங்கீத வித்துவான் வாழ்ந்தார். அரியலூரை அடுத்த திருக்குன்றம் அவர் ஊர். கன மார்க்கம் என்னும் அரிய முறையில் பாடுவதில் வல்லவராதலால் ‘கனம்’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் பல பதங்களை இயற்றியவர். டாக்டர் உ. வே. சாமிநாதையருக்கு அவர் உறவினர்; ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் சங்கீதம் பயின்றவர். ஆகவே ஐயரவர்கள் பாட்டின் நடுவே வளர்ந்தார்.

பிறகு 1871-இல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்கச் சேர்ந்தார். அவ்வூரில்தான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். மாணாக்கர் அவரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். இது பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை. இசையிலே பழக்கம் முற்றினால் இலக்கண இலக்கியங்களில் கருத்துச் செல்லாது என்று அவர் எண்ணினார். ஆசிரியரின் உள்ளம் அறிந்த மாணாக்கர் சங்கீதப் பயிற்சியை விட்டுவிட்டார். சொல்லுக்காக இசையைத் துறந்த அந்த இளைஞரால்தான் சங்க நூல்கள் பல நமக்கு அச்சில் கிடைத்தன. அது நமக்கு நேர்ந்த பேறு.

ஆனால் இசையைத் தள்ளிவைத்த அந்தப் பிள்ளையவர்களே ஒருநாள் இசைக்கு வசமானார். பாரதியார் தம் நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி அவர் வீட்டுக்குப் பலமுறை நடந்தார். கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் பிள்ளையவர்கள் ஏதேனும் சொல்லி நாளைக் கடத்திவந்தார். ஒருநாள் அவர் உள்ளே பகலில் படுத்திருக்க, பாரதியார் வெளியே காத்திருந்தபடி தம் கீர்த்தனைகளை உருகிப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு உள்ளே சென்றது. கேட்டவர் உள்ளம் கரைந்தது. பாயிரம் கிடைத்துவிட்டது! ஏட்டில் கண்ட பிழைகள் அப்படியேதான் இருந்தன. கண்ணால் படித்தபோது குற்றம் கண்ட புலவர், காதால் கேட்டபோது நந்தனாரைக் கண்டார்.

இங்கே இசை வென்றது என்று சொல்லலாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. வெறும் இராக ஆலாபனையைப் பாரதியார் பாடியிருந்தால் பிள்ளையவர்கள் இனிமை என்று தலையசைத்திருக்கலாம். நந்தனாருக்காக நெஞ்சம் கரைந்திருக்க மாட்டார். தில்லையைக் காண ஏங்கும் ஓர் ஏழைத் தொண்டனின் தாபத்தைச் சொன்னது சொல். அதைப் புலவரின் உள்ளத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது இசை.

இவ்வழக்கு நம் நாட்டில் ஓர் இயக்கமாகவே மூண்டதும் உண்டு. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. ராஜா சர் அண்ணாமலை செட்டியார், ராஜாஜி, டி. கே. சி., கல்கி முதலானோர் அதற்குத் துணை நின்றனர். பாட்டின் பொருள் விளங்கினால்தான் அனுபவம் நிறைவுறும் என்பது அவர்கள் கட்சி. நாதத்துக்கு மொழி இல்லை என்பது மறுத்தவர்கள் கட்சி. நாதசுர வித்துவான் ஒருவர் வீதியில் கீர்த்தனையை வாசிக்கும்போது சொல்லே இல்லாமல் ஊர் மயங்குகிறதே என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆனால் நல்ல நாதசுர வித்துவான் சாகித்தியத்தை அறிந்து, சொல் முடியும் இடம் பார்த்தே மூச்சை நிறுத்துகிறார். வாய்திறந்து பாடாத சொல்லும் அங்கே மறைந்து நின்று இசையை நடத்துகிறது.

சொல்லை மறந்த இசைக்கு நேரும் கதியையும் நாம் அறிவோம். துயரப் பாட்டு ஒன்றில் ‘தலைவிதி’ என்று ஒரு சொல் வருவதாகக் கொள்ளுங்கள். பாடகர் ‘தலைவி’ என்று நீட்டி நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு ‘தி’ என்று முடித்தால், விதியை நொந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு கதாநாயகி வந்து நிற்பாள்! இசையை மறந்த சொல்லும் அப்படியே. யாப்பு வழுவாமல், பொருளும் நிறைந்து, பாடினால் நாவில் கல்லாய் உருளும் பாட்டுகள் எத்தனை இல்லை!

சட்டம் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் சொல் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. உரிமையைப் பங்கிட அந்தப் பிரிவினை வேண்டியதுதான். ஆனால் கேட்பவனுடைய செவி பாகப் பிரிவினை செய்துகொண்டு கேட்பதில்லை. திரைப்படத்தில் சில பாட்டுகளுக்கு மெட்டு முதலில் பிறக்கிறது. சிலவற்றுக்குச் சொல் முதலில் பிறக்கிறது. எது மூத்தது என்று பாட்டைக் கேட்டு நம்மால் சொல்ல முடியாவிட்டால், அதுவே அந்தப் பாட்டின் வெற்றி.

புலவரும் வித்துவான்களும் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் இவ்வினாவுக்கு ஏட்டைத் தொடாமலே விடை கண்டிருக்கிறார்கள். தாலாட்டைப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு மாமன் பெருமையும் சீர்வரிசையும் விளங்குமா? குழந்தையை உறங்கச் செய்வது இசை. சொற்கள் தாய் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்பவை. ஒப்பாரியைப் பாருங்கள். ஊரில் யார் இறந்தாலும் மெட்டு பெரும்பாலும் ஒன்றே. சொற்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இறந்தவர் யார், எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுச் சென்றார் என்பதைச் சொல்தான் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவான துயரத்தை ஒருவருடைய துயரமாக்குவது சொல்.

என் பாட்டி இறந்தபோது இதை நான் கண்கூடாக உணர்ந்தேன். பெண்கள் கூடி, பலமுறை நான் கேட்ட அதே மெட்டில் ஒப்பாரி வைத்தார்கள். நான் அழாமல் நின்றிருந்தேன். பிறகு ஒருத்தி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கூத்துப் பார்க்கப் போன கதையைப் பாட்டில் இழுத்துவிட்டாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. சிறுவனாய் இருந்தபோது பொருள் தெரியாமல் பண்ணுக்கு அழுதவன், வளர்ந்தபின் பழகிப்போன பண்ணுக்கு அழாமல் நின்று, ஒரு சொல்லுக்கு அழுதேன்.

சில நாள் கழித்து அந்தச் சொற்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இன்றும் அது என்னிடம் இருக்கிறது. எடுத்துப் படித்தால் செய்தி இருக்கிறது, அழுகை வருவதில்லை. மெட்டை எழுதிவைக்க எனக்குத் தெரியவில்லை. பாடியவளும் இப்போது இல்லை. கனம் கிருஷ்ணையருடைய வரலாற்றையும் பதங்களையும் ஐயரவர்கள் 1936-இல் நூலாக்கினார்கள். சொற்கள் அச்சில் நிலைத்தன. ஆனால் உடையார்பாளையத்து அரண்மனையில் அவர் பாடிய குரலை எந்த அச்சு நமக்குத் தரும்?

ஆகையால், மாணவர்களே, பாட்டில் எது பெரிது என்று யாரேனும் கேட்டால், பிரித்து வைத்துப் பார் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டின் சொற்களை மெட்டில்லாமல் ஒருமுறை படியுங்கள். மெட்டைச் சொல்லில்லாமல் ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். எங்கே குறை தோன்றுகிறதோ அங்கே மற்றதன் பெருமை தெரியும். இதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப் பாட்டும் அறிந்த முதியோர் இன்னும் சிலரேனும் இருப்பார்கள். எங்கள் காலத்தில் எங்களிடம் பென்சில்தான் இருந்தது. உங்கள் கையிலோ குரலையே பிடித்து வைக்கும் கருவி இருக்கிறது. அவர்களிடம் சென்று, இசைவு பெற்று, சொல்லை ஏட்டில் எழுதுங்கள். குரலை ஒலிப்பதிவு செய்யுங்கள். நான் காத்தது பாதி. நீங்களாவது முழுப் பாட்டையும் காத்து வையுங்கள்.