கூரையடி அறையும் ஒரு சான்றுத் தாளும்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டுவதில் உள்ள தொல்லையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். விற்பதில் உள்ள தொல்லையைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் கூறவில்லை. கட்டிய வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு அதைச் சொல்லும் தேவையும் இருந்திராது. இங்கிலாந்து நாட்டில் நிலைமை வேறு. அங்கே ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு வீட்டை விற்று மற்றொன்றை வாங்குவது இயல்பான செய்தி. ஆகவே, வீட்டில் ஓர் அறையைக் கூட்டும்போதே, 'நாளை இதை விற்கப் போனால் என்ன கேட்பார்கள்?' என்ற கவலையும் உடன் பிறக்கிறது. அந்தக் கவலையை மிகுதியாக எழுப்புவது கூரைக்குக் கீழே அமைக்கப்படும் அறை. அதைப் பற்றியே இப்போது சிறிது சிந்திப்போம்.

இங்கிலாந்து வீடுகளின் கூரை, மழையும் பனியும் வழிந்து ஓடும்படி இருபுறமும் சரிந்து நிற்கும். அந்தக் கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் இடையே முக்கோண வடிவில் ஓர் இடம் கிடைக்கும். அதை 'லாஃப்ட்' என்பார்கள். நம் வீட்டுப் பரணைப் போல, வேண்டாத பெட்டிகளும் பழைய பொருள்களும் அங்கே தங்கும். ஆனால், குடும்பம் பெருகுகிறது, மனை பெருகுவதில்லை. பெரிய வீடு வாங்கப் பணம் போதாது. ஆகவே, அந்த வெற்றிடத்திற்குப் படிக்கட்டு அமைத்து, சரிந்த கூரையில் சன்னல் திறந்து, அதை ஒரு படுக்கையறை ஆக்குகிறார்கள். இதில் குற்றம் காண ஒன்றும் இல்லை. இருக்கும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்வது அறிவுடைமையே. ஆனால், பெட்டி இருந்த இடத்தில் மனிதன் படுக்கப் போகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கட்டடங்களுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு லண்டன் மாநகரின் வரலாறே விடை கூறும். 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ, நாட்கணக்கில் எரிந்து, ஏறத்தாழ 13,000 வீடுகளைச் சாம்பலாக்கியது. மரத்தால் ஆன வீடுகள் நெருங்கி நின்றதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டே, வீடுகளின் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டப்பட வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகள் வளர்ந்தன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான கட்டட விதிகள் 1965-இல் வகுக்கப்பட்டு, 1966-இல் நடைமுறைக்கு வந்தன. லண்டனின் உட்பகுதி மட்டும் சில காலம் தன் தனிச் சட்டத்தின் கீழ் நின்றது. பின்னர் 1984-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் வந்தது. இவ்விதிகளில் பல, எங்கோ யாரோ பட்ட துன்பத்தின் நினைவாக எழுதப்பட்டவை.

அவ்விதிகள் கூரையடி அறையில் எதைப் பார்க்கின்றன? முதலில் தரையைப் பார்க்கின்றன. மேல்மாடியின் உட்கூரையைப் பிடித்து நிற்கும் மரச் சட்டங்கள் மெல்லியவை. உட்கூரையையும் சில பெட்டிகளையும் தாங்கவே அவை வைக்கப்பட்டன. அவற்றுக்குக் கணக்கிடப்படும் மேற்சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. மக்கள் நடமாடும் அறையின் தரைக்கோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கணக்கிட வேண்டும். வேறுபாடு ஆறு மடங்கு! பழைய சட்டங்களின் மேல் பலகை பரப்பிக் கம்பளம் விரித்துவிட்டால், பார்வைக்கு அது அறைதான். ஆனால், கீழே உள்ள மரத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. ஆகவே, தரைக்கெனப் புதிய உத்திரங்களும், பல இடங்களில் எஃகு உத்திரங்களும் தேவைப்படுகின்றன.

இரண்டாவதாக, நெருப்பைப் பார்க்கின்றன. இரண்டு தளம் உள்ள வீட்டில் தீப்பற்றினால், மாடிச் சன்னல் வழியாக இறங்கித் தப்பலாம். கூரையடியில் அறை அமைந்தவுடன் அது மூன்று தள வீடாகிறது. தரைமட்டத்திலிருந்து நாலரை மீட்டருக்கு மேலுள்ள தளத்திலிருந்து சன்னல் வழியே தப்புவதை நம்பக் கூடாது என்பது அங்குள்ள வழிகாட்டு நெறி. தப்பும் வழி படிக்கட்டு ஒன்றே. எனவே, கூரையடி அறையிலிருந்து வாயிற்கதவு வரையில் அப்படிக்கட்டு, அரை மணி நேரம் தீயைத் தடுக்கும் சுவர்களுக்குள் அடங்கியிருக்க வேண்டும். அதன் பக்கம் திறக்கும் அறைக் கதவுகளும் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி வேண்டும். ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்க வேண்டும். அறை கட்டுவது மேலே. மாற்றம் செய்வது கீழே! செலவுக்கு அஞ்சுபவர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால், நள்ளிரவில் மேலே உறங்கும் குழந்தையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நகரமைப்பு அனுமதி வேறு. கட்டட விதி ஒப்புதல் வேறு. முன்னது, வீட்டின் வெளித்தோற்றமும் பருமனும் அக்கம்பக்கத்தாருக்கும் ஊருக்கும் ஏற்றனவா என்று பார்ப்பது. இங்கிலாந்தில், வரிசை வீட்டில் 40 கன மீட்டரும், தனி வீட்டிலும் இரட்டை வீட்டிலும் 50 கன மீட்டரும் கூரையை விரிப்பதற்கு, வேறு சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, தனியே விண்ணப்பிக்காமலே இசைவு உண்டு. 'அனுமதி வேண்டாமாம்' என்று இதைக் கேள்விப்பட்டவர்கள், எதுவுமே வேண்டாம் என்று எண்ணிவிடுகிறார்கள். கட்டடம் உறுதியானதா, உயிருக்குக் காப்பானதா என்று பார்க்கும் பின்னதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. உத்திரம் வைக்கும்போதும், சுவரை மூடுமுன்பும் ஆய்வாளர் வந்து பார்க்கிறார். எல்லாம் முடிந்தபின் நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது.

ஆண்டுகள் செல்கின்றன. வீட்டை விற்கும் நாள் வருகிறது. வாங்குபவரின் வழக்கறிஞர், 'இந்த அறைக்கு நிறைவுச் சான்றிதழ் உண்டா?' என்று கேட்கிறார். இல்லையென்றால் சிக்கல் தொடங்குகிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் தயங்குகிறது. நான்கு படுக்கையறை வீடு என்று விலை சொன்னவர், மூன்று படுக்கையறைகளும் ஒரு கூரையடி இடமும் என்று சொல்ல நேர்கிறது. சில விற்பனைகள் நின்றே போகின்றன. விற்பவரும் பல வேளைகளில் குற்றவாளி அல்லர். அவருக்கு முன் இருந்தவர் கட்டிய அறையாக இருக்கலாம். ஆனால், கேள்வி அவரிடம்தான் வந்து நிற்கிறது.

அப்போது அவர் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, ஒரு காப்புறுதி வாங்குவது. உள்ளாட்சி மன்றம் என்றேனும் நடவடிக்கை எடுத்தால், அதனால் வரும் பண இழப்பை அது ஈடு செய்யும். தொகையும் பெரிதன்று. ஆனால், இதில் ஒரு விந்தை உண்டு. மன்றத்திடம் முன்னரே போய் இந்த அறையைப் பற்றிக் கேட்டுவிட்டால், அந்தக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது. எனவே, 'வாய் திறவாதே' என்பதே அதன் அடிப்படை. அது வழக்கிலிருந்து காக்கும். மெல்லிய சட்டத்தைத் தடிக்கச் செய்யாது. தீயை ஒரு நிமிடமும் தடுக்காது.

மற்றொன்று, முறைப்படுத்தும் சான்றிதழ் கேட்பது. 1985 நவம்பர் 11 முதல் ஒப்புதலின்றிச் செய்யப்பட்ட வேலைகளுக்கு இவ்வழி திறந்திருக்கிறது. மன்றத்தின் ஆய்வாளர் வருவார். பலகையைப் பெயர்த்து உத்திரத்தைக் காட்டு என்பார். குறை இருந்தால் திருத்தச் சொல்வார். கட்டணமும் செலவும் உண்டு, அச்சமும் உண்டு. ஆனால், முடிவில் கிடைக்கும் தாள் உண்மையைச் சொல்லும் தாள். அதற்கும் முந்திய அறையானால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சோதித்து, அவர் கண்டதை மறைக்காமல் வாங்குபவரிடம் கூறலாம். பழைய அறைகள் எல்லாம் தீயவை அல்ல, சோதிக்கப்படாதவை, அவ்வளவுதான்.

நெடுங்காலம், விதி மீறிய வேலையைத் திருத்தும்படி ஆணையிட மன்றத்துக்கு ஓராண்டு அவகாசமே இருந்தது. அது கழிந்தால் தொல்லை தீர்ந்தது என்று பலர் ஆறுதல் கொண்டனர். 2017 ஜூன் 14-இல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் அடுக்ககம் எரிந்து 72 பேர் மாண்டனர். அத்துயரத்தின் பின் வந்த 2022-ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், அந்த ஓராண்டைப் பத்தாண்டாக நீட்டியது. 2023 அக்டோபரில் அது இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. நாட்கள் கழிவதால் சட்டத்தின் கை தளரலாம். உத்திரம் வலுப்பெறுவதில்லை என்பதை அந்நாடு உயிர்களை இழந்து மீண்டும் கற்றுக்கொண்டது.

மாணவ நண்பர்களே! நிறைவுச் சான்றிதழை அலுவலகம் கேட்கும் வெறும் தாளாக எண்ண வேண்டாம். சுவரை மூடிய பிறகு உள்ளே இருப்பதை யாராலும் காண முடியாது. மூடுமுன் ஒருவர் கண்டார், கணக்கிட்டார், சரி என்றார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியம் நமக்காக மட்டும் அன்று. நாம் பெயர் அறியாத, முகம் காணாத யாரோ ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் நம்மை நம்பி அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகிறார். விற்பதைப் பற்றிய கவலை என்று நாம் கூறுவது, கூர்ந்து பார்த்தால், அந்த மனிதரைப் பற்றிய கடமையே. கட்டும் நாளிலேயே அக்கடமையைச் செய்தவனுக்கு விற்கும் நாளில் அஞ்ச வேண்டுவது ஒன்றும் இல்லை.