நிற்கத் தெரிந்த தறி



ரொயோட்டா என்னும் பெயர் பொறித்த வாகனங்களை நமது தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். அப்பெயரின் புகழ் மோட்டார் வண்டியோடு தொடங்கியதன்று. அதற்கு முன்னரே நெசவுத் தறியோடு தொடங்கியது என்பதை அறிந்தோர் சிலரே. அத்தறியை ஆக்கிய சக்கிச்சி ரொயோடா என்னும் யப்பானியப் பொறியியலாளரின் வாழ்க்கையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

சக்கிச்சி 1867 ஆம் ஆண்டில், இன்றைய சிசுவோக்கா மாகாணத்திலுள்ள சிற்றூர் ஒன்றில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்லூரிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. தந்தையாரிடம் உளி பிடிக்கக் கற்றதே அவர் முதலிற் கற்ற பொறியியல். 1885 இல் யப்பானிய அரசாங்கம் ஆக்கவுரிமைச் சட்டத்தைப் பிறப்பித்தது. புதியதொன்றைக் கண்டுபிடிப்பவனுக்கு அதன் பயனை நாட்டின் சட்டமே காத்துத் தரும் என்ற செய்தி அவ்விளைஞரின் உள்ளத்தைத் தொட்டது. தாயாரும் ஊர்ப் பெண்களும் தறியின் முன் குனிந்திருந்து பாடுபடுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அப்பாட்டைக் குறைப்பதே தம் வேலை எனத் தீர்மானித்தார். தச்சுத் தொழிலை விட்டு மரத்துண்டுகளோடு பொழுது போக்கும் மகனைத் தந்தையார் கடிந்தார், ஊராரோ நகைத்தனர்.

1890 இல் ரோக்கியோவில் நடைபெற்ற கைத்தொழிற் பொருட்காட்சிக்குச் சென்ற சக்கிச்சி, நாள்தோறும் அங்குள்ள இயந்திரங்களின் முன் நின்று அவற்றின் இயக்கத்தை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே மரத்தாலான கைத்தறி ஒன்றை அமைத்தார். இரு கைகளாலும் செய்ய வேண்டியிருந்த வேலையை அத்தறியில் ஒரு கையாற் செய்யலாம். 1891 இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. 1896 இல் மரமும் இரும்பும் கொண்ட விசைத்தறி ஒன்றை உருவாக்கினார். யப்பானியர் ஒருவர் ஆக்கிய முதல் விசைத்தறி அதுவே.

அவ்விசைத்தறியில் ஊன்றி நோக்க வேண்டிய அமைப்பு ஒன்றுண்டு. நெசவிலே பாவு நூல்களுக்கிடையே நாடா ஓடி ஊடு நூலைச் செலுத்துகிறது. ஊடு நூல் அறுந்துவிட்டால் கையால் நெய்பவர் உடனே நிறுத்திவிடுவார். இயந்திரமோ அறியாது, வெறுமனே அடித்துக்கொண்டேயிருக்கும், துணி பாழாகும். ஆதலால் தறியை ஓட்டுவதற்கன்றி, அதனைக் காவல் காப்பதற்கே ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டியிருந்தது. சக்கிச்சியின் தறியோ ஊடு நூல் அறுந்ததும் தானாகவே நின்றுவிடும். விரைந்து ஓடும் இயந்திரத்தைச் செய்தோர் பலர். பிழை நேர்ந்ததும் நிற்கும் இயந்திரமே சக்கிச்சியின் நாட்டமாயிற்று.

ஆயினும் அவர் வாழ்க்கை வெற்றிகளின் வரிசையன்று. 1907 இல் அவர் பெயராலேயே தறி செய்யும் கம்பனி ஒன்று நிறுவப்பட்டது. வியாபாரம் மந்தமடைந்த 1910 இல், தம் பெயர் தாங்கிய அந்தக் கம்பனியிலிருந்தே அவர் விலக நேர்ந்தது. மனம் நொந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயோர்க்கில், யப்பானிய இரசாயன அறிஞர் யோக்கிச்சி தக்கமினேயைச் சந்தித்தபோது, அவர் கூறிய ஊக்கமொழிகள் சோர்வை அகற்றின. அமெரிக்கத் தானியங்கித் தறிகளைக் கண்ட சக்கிச்சிக்குத் தம் வழி தவறானதன்று என்ற துணிவும் பிறந்தது. நாடு திரும்பி, 1911 இல் நகோயாவில் நெசவாலை ஒன்றைத் தொடங்கினார். ஆலையில் நாள்தோறும் ஓட்டிப் பரீட்சித்த பின்னரே கண்டுபிடிப்பை உலகுக்கு வழங்க வேண்டும் என்பது பட்டறிந்த பாடம். நூல் நன்றாயிராவிடின் எத்தறியும் நன்றாயிராது எனக் கண்டு, 1914 இல் நூற்றலையும் தாமே தொடங்கினார்.

இவ்வுழைப்பின் கனி 1924 இல் நிறைவுற்ற 'ஜி' வகைத் தானியங்கித் தறி. மகன் கீச்சிரோ இதற்குத் துணைநின்றார். ஊடு நூல் தீருந் தறுவாயில், தறி நில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போதே நாடா மாறும். பாவு நூல் அறுந்தாலோ தறி உடனே நிற்கும். ஒருவரே முப்பதுக்கு மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929 இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாற் சகோதரர் கம்பனி இத்தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுணுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. யப்பானுக்கு நெசவு இயந்திரம் விற்ற நாடு, யப்பானியத் தச்சர் மகனின் இயந்திரத்தை விலை பேசியது!

ஒருவர் முப்பது தறியைக் கவனித்தால் ஏனையோர் பிழைப்பு என்னாகும் என நேயர்கள் கேட்கலாம். நியாயமான வினாவே அது. அதற்கு விடை கூறும் பொறுப்பு இயந்திரத்தினதன்று. அதனைக் கையாளும் சமுதாயத்தினது.

சக்கிச்சி 1930 இல், தமது 63 ஆவது வயதிற் காலமானார். அவரது தறித் தொழிற்சாலையிலே 1933 இல் கீச்சிரோ மோட்டார் வண்டிப் பிரிவைத் தொடங்கினார். 1937 இல் அது தனிக் கம்பனியாயிற்று. பிழை கண்டதும் வேலையை நிறுத்துதல் என்னும் தறியின் விதியை வண்டித் தொழிற்சாலையும் ஏற்றுக்கொண்டது. அவ்விதியைக் குறிக்கும் யப்பானியச் சொல்லில், இயக்கம் என்ற எழுத்தோடு மனிதன் என்ற குறியையும் அவர்கள் சேர்த்தெழுதுகின்றனர்.

ஓடத் தெரிவது மட்டும் திறமையாகாது. இழை அறுந்ததை உணர்ந்து நிற்கத் தெரிவதும் திறமையே. தாயின் தறியருகே தொடங்கிய ஒரு வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.