பரம்பரை என்பது எது? மரபியலும் தங்கவயலும்

(கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்கென நடைபெற்ற அறிவியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் அன்றாடம் கையாளும் சொற்களில் ‘பரம்பரை’ என்பதைப் போலக் குழப்பம் விளைவிக்கும் சொல் வேறொன்று இல்லை. தந்தையின் மூக்கு மகனுக்கு வாய்த்தால் பரம்பரை என்கிறோம். முதலாளியின் பங்குப் பத்திரம் அவன் மகனுக்குப் போனால் அதுவும் பரம்பரை. பாட்டனுக்கும் தந்தைக்கும் நெஞ்சிளைப்பு இருந்து பேரனுக்கும் வந்தால், “அவர்கள் குடும்பத்து உடம்பே அப்படி” என்கிறோம். இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவது இயற்கையின் விதி. இரண்டாவது சமுதாயத்தின் சட்டம். மூன்றாவது, பெரும்பாலும், வாழும் இடத்தின் அநீதி. இவற்றைப் பிரித்தறியாவிட்டால், மனிதன் செய்த கொடுமையை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆளும் வர்க்கம் விரும்புவதும் அதுவே.

முதலில் இயற்கையின் விதியைப் பார்ப்போம். பிரனோ நகரின் துறவி மடமொன்றில் கிரிகோர் மெண்டல் என்பவர் 1856 முதல் எட்டாண்டுக் காலம் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் நடுத்தர உயரம் வரும் என்பதே அன்றைய எண்ணம். ஆனால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. அந்தச் செடிகளைத் தமக்குள்ளேயே கருவுறச் செய்தபோது, இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டையும் 277 குட்டையும் தோன்றின. உருண்டை விதை, சுருங்கிய விதை என்ற பண்பிலோ 5,474க்கு 1,850. எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

இந்தக் கணக்கின் பொருள் என்ன? ஒவ்வொரு பண்பிற்கும் செடியினுள் இரண்டு காரணிகள் உள்ளன: ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. இவற்றையே இன்று மரபணுக்கள் என்கிறோம். ஓங்கிய காரணி ஒன்றிருந்தாலே அதன் பண்பு வெளிப்படும். ஒடுங்கிய காரணி இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும். முதல் தலைமுறையில் குட்டைத்தன்மை அழியவில்லை, மறைந்திருந்தது. பாலும் தண்ணீரும் போலக் காரணிகள் கலந்து கரைந்துவிடுவதில்லை. சோழிகளைப் போலத் தனித்தனியே நின்று, தலைமுறைதோறும் புதிதாகக் குலுக்கப்படுகின்றன. 1866இல் அச்சேறிய இந்த உண்மையை உலகம் கண்டுகொள்ளவில்லை. மெண்டல் 1884இல் மறைந்தார். 1900ஆம் ஆண்டில்தான் அறிஞர் மூவர் அதைத் தனித்தனியே மீட்டெடுத்தனர்.

இந்த எளிய விதி நம் வீடுகளில் எத்தனை கண்ணீரைத் துடைக்கக்கூடும் தெரியுமா? தந்தை ‘ஏ’ இரத்த வகை, தாய் ‘பி’ வகை. குழந்தை ‘ஓ’ வகை. உடனே தாயின் மீது ஐயம்! பெற்றோர் இருவரிடமும் ‘ஓ’வுக்குரிய காரணி மறைந்திருந்தால் இது முற்றிலும் இயல்பானது. பெண் குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கமும் அப்படிப்பட்டதே. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோமே உள்ளது. தந்தையின் விந்தணுவில்தான் எக்ஸ் அல்லது ஒய் வருகிறது. குழந்தையின் பாலினம் தந்தையின் விந்தணுவைப் பொறுத்ததே. அவனும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை; அது தற்செயல். பழிப்பதற்கு இதில் யாருமில்லை. கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடை செய்ய 1994இல் சட்டம் வந்தது. ஆயினும் இந்த அறிவு வீடுதோறும் சென்று சேர்ந்தால்தான் அச்சட்டம் உயிர்பெறும்.

இனி, தங்கவயலின் நெஞ்சிளைப்பிற்கு வருவோம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது. வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து, நிலமற்ற, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களாகிய நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கியது. அங்கே பாறையைத் துளைத்தவனின் நுரையீரலில் படிகக்கல் தூசு புகுந்தது. அத்தூசை விழுங்கி அழிக்க வரும் நுரையீரலின் காவல் அணுக்கள் தாமே மடிகின்றன. அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. மூச்சுக்கு இடம் குறைகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். 1940களில் இங்கே நடந்த மருத்துவ ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேற்பட்டோரிடம் இந்நோயைக் கண்டது. தூசை விட்டு விலகிய பின்னும் இந்நோய் முற்றக்கூடும். காசநோய்க்கும் வழி திறந்துவிடும்.

இந்நோய் பரம்பரையாக வருமா? வராது. 1880களின் இறுதியில், இங்கே சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜெர்மானிய அறிஞர் வைஸ்மன் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார். வெட்டுண்ட எலிகளின் குட்டிகள் முழு வாலுடனேயே பிறந்தன. வாழ்நாளில் உடலுக்கு நேரும் காயம் கருவணுவில் எழுதப்படுவதில்லை. தந்தையின் நுரையீரல் தழும்பும் மகனுக்குப் போவதில்லை. சுரங்கத் தொழிலாளியின் வீட்டிலும் குழந்தை தூய நுரையீரலோடுதான் பிறக்கிறது.

பிறகு ஏன் மூன்று தலைமுறைக்கும் இருமல்? மூன்று தலைமுறையும் ஒரே சுரங்கத்தில் இறங்கியது. ஒரே லைன் வீட்டில், காற்றோட்டமில்லா அறையில் படுத்துறங்கியது. தந்தையின் காசநோய்க் கிருமி மரபணு வழியாகப் போகவில்லை. அந்த அறையின் காற்று வழியாகப் போயிற்று. சயனைடு மேடுகளின் தூசு, சுரங்கத்தில் கால் வைத்தே அறியாத பெண்கள், குழந்தைகளின் முற்றத்திலும் காற்றடிக்கும்போதெல்லாம் படிகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது, மேடுகள் மூடப்படவில்லை. கைமாறிக் கைமாறி வந்தது நோயன்று, நோய்க்குரிய சூழல். சூழலை மாற்ற முடியும். ஆகவே இது விதியன்று, கோரிக்கை.

மரபணுவுக்கும் சூழலுக்கும் உள்ள உறவை உணர நம் கேழ்வரகே போதும். கர்நாடகத்தின் வேளாண் அறிஞர் லட்சுமணையா, மண்டியா ஆய்வுப் பண்ணையில் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து ‘இந்தாஃப்’ என்னும் உயர்விளைச்சல் வகைகளை உருவாக்கினார். இரு கண்டங்களின் பெயரையும் சுமந்த அவ்வகைகள் இம்மாநிலத்துப் புன்செய்க் காட்டின் விளைச்சலை உயர்த்தின. மரபணுவின் ஆற்றலுக்கு இது சான்று. ஆனால் அதே விதையில் ஒரு பிடியை நல்ல செம்மண்ணிலும், மறுபிடியைச் சயனைடு மேட்டிலும் தூவுங்கள். மேட்டில் வாடி நிற்கும் பயிரைப் பார்த்து “விதை மட்டம்” என்று சொல்பவன் உழவனா? மண்ணைப் பார் என்பான் உழவன். வசதியான பள்ளியில் படித்த பிள்ளையையும், அதிகாலை மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்பும் பெற்றோரின் பிள்ளையையும் ஒரே தேர்வுத்தாளில் நிறுத்திவிட்டு, மதிப்பெண் வேறுபாட்டைப் ‘பிறவித் திறமை’ என்பவர்கள், அந்த உழவனுக்குத் தெரிந்ததையும் அறியாதவர்கள்.

அறியாமை மட்டுமன்று, இதில் வர்க்க நலனும் உண்டு. 1883இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் ‘இனமேம்பாட்டியல்’ என்ற கொள்கைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். உயர்ந்தோர் பெருக வேண்டும், தாழ்ந்தோர் குறைய வேண்டும் என்பது அதன் சாரம். அதே கால்டன்தான் கைரேகை ஆராய்ச்சியின் முன்னோடி. அவருடைய கைரேகை நூல் 1892இல் வெளிவந்தது. இனத்திற்கு இனம் ரேகை வேறுபடும் என எதிர்பார்த்துத் தேடியவர், அப்படியொரு தனி அடையாளம் கிட்டவில்லை என்று அந்நூலிலேயே எழுத நேர்ந்தது. அந்தக் கைரேகை முறை தங்கவயலுக்கும் வந்தது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனிகள் முற்பட்டபோது, நம் முன்னோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குற்றவாளியைப் போலத் தம்மைப் பதிவு செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. பிறப்பைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் சிந்தனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை, 1933இல் ஜெர்மனியில் நாஜிகள் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டமும் அதன் பின் நேர்ந்த படுகொலைகளும் உலகுக்குக் காட்டின.

நம் நாட்டில் அந்தச் சிந்தனைக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: சாதி. தொழிலும் அறிவும் தூய்மையும் இரத்தத்தில் வருகின்றன என்பதே அதன் வாதம். மரபியல் என்ன சொல்கிறது? 1972இல் ரிச்சர்டு லெவோன்டின் மனிதக் குலத்தின் மரபணு வேறுபாடுகளை அளந்தார். அவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்தினுள் வாழும் இருவருக்கிடையிலேயே காணப்படுவதாகவும், ‘இனங்களுக்கு’ இடையிலானது மிகச் சிறு பங்கே எனவும் கண்டார். 2013இல் ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்கள் பரவலாகக் கலந்தனர் என்றும், அதன் பிறகே அகமணம் இறுகியது என்றும் காட்டியது. கலப்பற்ற சாதி என்று இந்த மண்ணில் எதுவுமில்லை. சாதி இயற்கையில் பிறக்கவில்லை, வரலாற்றில் பிறந்தது. வரலாற்றில் பிறந்தது வரலாற்றில் மடியும்.

சாதிக்கு மரபணு அடிப்படை இல்லை. ஆனால் சாதியின் வேலி மரபணுவில் தீங்கு விளைவிக்கும். சிறு கூட்டத்திற்குள்ளேயே நூற்றாண்டுகளாக மணம் முடித்தால், ஒடுங்கிய குறைபாடுகள் இரண்டாகச் சேரும் வாய்ப்பு பெருகும். 2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் இந்த நெருக்கம் ஃபின்லாந்து மக்களிடமும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதரிடமும் இருப்பதைவிட மிகுதியாக இருந்தது. ‘உயர்சாதி’ என்று சொல்லிக்கொள்வதால் விலக்கில்லை. தென்னிந்திய வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையில் தரப்படும் தசைத்தளர்வு மருந்து உடலில் சிதையாமல் தங்கி, மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றிருக்கும் குறைபாடு அதிகம் காணப்படுகிறது.

நம் குடும்பங்களிலும் அக்காள் மகளைத் தாய்மாமனுக்கு முடிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த மணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணு இணையொன்றில், இரு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகளை மணந்தால் பதினாறில் ஒன்று. இப்படிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரும் என்பதல்ல. பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆயினும் ஆபத்து கூடுகிறது. சொந்தத்திற்குள் சொத்தைக் காக்க நினைத்து நோயைச் சேர்க்க வேண்டியதில்லை. சாதி கடந்த காதல் மணம் சமூக நீதிக்கு மட்டுமன்று, உடல்நலத்திற்கும் உகந்தது.

உண்மையாகவே மரபு வழி வரும் நோய்களை நாம் எப்படி நோக்க வேண்டும்? அரிவாள் இரத்தச் சோகையை எடுத்துக்கொள்வோம். 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரும் ஒற்றைப் பிரதியைச் சுமப்பவரானால், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர் நோயாளி அல்லர். மலேரியாவிலிருந்து அது ஓரளவு காக்கவும் செய்கிறது. கொசு நிறைந்த காடுகளில் அது நிலைத்து நின்ற காரணம் அதுவே. இப்படிப்பட்ட இரத்தக் குறைபாடுகளுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1949இலேயே ஊகித்துச் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். சுரங்கக் காற்றை ஆராய்ந்த தந்தையுடன் சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெய்லி ஒர்க்கர்’ ஆசிரியர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

அரிவாள் இரத்தச் சோகையை 2047க்குள் ஒழிப்பதாக ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதனை வேண்டியதுதான். ஆனால் கையில் அட்டையைக் கொடுத்து, “இன்னாரை மணக்காதே” என்பதோடு நின்றுவிட்டால் அது மருத்துவமாகாது. மருந்தும் இரத்தமும் ஆலோசனையும் வாழ்நாள் முழுதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மரபு நோய் என்பதும் மாற்ற முடியாத விதியன்று. சிகிச்சை பெறுவதும் பெறாததும் சமுதாயத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது.

தோழர்களே, நம் இயக்கத்தின் வரலாற்றிலிருந்தும் ஒரு பாடத்தைச் சொல்லியாக வேண்டும். வளர்ப்பு முறையால் பயிரின் மரபையே மாற்றலாம் என்ற லைசென்கோவின் கூற்று 1948இல் சோவியத் நாட்டில் அதிகாரப்பூர்வக் கொள்கையாக்கப்பட்டது, மரபியல் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகின் விதைகளைத் திரட்டிய மாமேதை வவிலோவ் 1943இல் சிறையில் மாண்டிருந்தார். இழப்பு சோவியத் வேளாண்மைக்கும் சோஷலிசத்தின் நற்பெயருக்கும்தான். சூழல் வலியது என்ற நம் நம்பிக்கைக்கு ஏற்றதாகத் தோன்றுவதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. இயற்கையின் விதி தீர்மானம் நிறைவேற்றுவதால் மாறுவதில்லை. உண்மையை உள்ளபடி அறிந்தவனே உலகை மாற்ற முடியும்.

அந்த உண்மை நம் கையில் தருவது என்ன? சயனைடு மேடுகளின் தூசை அடக்க வேண்டும். முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனையும், நோயுற்றோருக்கு இழப்பீடும், சிகிச்சையும் வேண்டும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மரபு நோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சாதி கடந்து மணப்போருக்குப் பாதுகாப்பு வேண்டும். இவற்றை எவரேனும் மறுத்து, “அது உங்கள் தலையெழுத்து, உங்கள் பரம்பரை” என்று சொன்னால், எந்தப் பரம்பரை என்று கேளுங்கள். மரபணுவில் உள்ளதா, மண்ணில் உள்ளதா, சட்டத்தில் உள்ளதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்கக் கற்றுக்கொள்வதே இன்றைய வகுப்பின் நோக்கம்.