ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்த மறுநாள்

(கல்லூரி ஹாக்கி அணியின் இறுதியாண்டு மாணவர்களுக்கான வழியனுப்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஜெய்பீம்.

எனக்கு முன்பு பேசியவர்கள் உங்களை வாழ்த்தினார்கள். வெளியே வாய்ப்புகள் காத்திருக்கின்றன என்றார்கள். நானும் வாழ்த்துகிறேன். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு வரிசையில் உட்கார்ந்து இதே வாழ்த்தைக் கேட்டவள் நான். பல்கலைக்கழக அணிக்கு கோல் கீப்பராக ஆடியவள். அதனால் வாழ்த்தை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த வாரம் உங்களுக்கு என்ன நடக்கும் என்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுப்பீர்கள். லெக் கார்டு, ஹெல்மெட், ஜெர்சி எல்லாம் ஸ்டோரில் எண்ணி வைத்து நோ டியூஸ் கையெழுத்து வாங்குவீர்கள். விடுதி மெஸ்ஸில் தினமும் கிடைத்த முட்டையும் பாலும் அன்றோடு முடியும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். ஓடுவதற்கு ஊரில் தரை இருக்கும், டர்ஃப் இருக்காது. நம்மில் பலருக்குச் சொந்த ஸ்டிக்கே இருக்காது. அந்த மறுநாளிலிருந்துதான் உங்கள் தொழில் வாழ்க்கை தொடங்குகிறது.

எங்கே போவது? தொலைக்காட்சியில் ஹாக்கி இந்தியா லீக் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபர் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். மகிழ்ச்சிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஏலத்தில் ஆண்களுக்கு 8 அணிகள், பெண்களுக்கு 4 அணிகள். அணிக்கு 24 பேர், அதில் 16 பேர் இந்தியர்கள். ஆக மொத்தம் 192 இடம். பல்கலைக்கழக அணி ஒன்றுக்கு 18 பேர் என்றால், 11 பல்கலைக்கழகங்கள் வந்தாலே அந்த இடங்கள் தீர்ந்துவிடும். அதிலும் ஆண்கள் அணி செலவழிக்க 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி. லீக் சில பேருக்கு வாழ்க்கை தரும். உங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தொலைக்காட்சி நிகழ்ச்சிதான்.

இந்தியாவில் ஹாக்கி வீரரின் தொழில் என்றால் அன்றும் இன்றும் ஒரு வேலைதான். ரயில்வே, ராணுவம், காவல்துறை, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள். தியான்சந்த் ராணுவச் சிப்பாய். அந்தக் காலத்தில் இந்திய அணியில் நிறைந்திருந்த ஆங்கிலோ இந்தியர்களில் பலர் ரயில்வேயிலும் சுங்கத்திலும் தந்தித் துறையிலும் இருந்தவர்கள். எனவே யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் இந்திய ஹாக்கியின் வரலாற்றைப் பேசவே முடியாது.

அந்த வரலாற்றில் ஒரு கல்லூரி வீரரின் கதையைச் சொல்கிறேன். ஜெய்பால் சிங் முண்டா. இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பகுதியில் ஒரு முண்டா பழங்குடிக் கிராமத்தில் 1903இல் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். ஹாக்கிக்காக ஆக்ஸ்ஃபோர்டு புளூ பெற்றார். ஐ.சி.எஸ்.ஸுக்கும் தேர்வானார். பேரரசின் ஆக உயர்ந்த வேலை அது. பயிற்சிக் காலத்தில் இருக்கும்போது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுப்புக் கேட்டார். மறுத்தார்கள். விடுப்பு இல்லாமலேயே போனார்.

அந்த ஒலிம்பிக்கில்தான் இந்தியா முதல் ஹாக்கித் தங்கத்தை வென்றது. ஒரு கோல்கூட வாங்காமல் 29 கோல் போட்ட அணி. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்று வென்றபோது ஜெய்பால் களத்தில் இல்லை. அணிக்குள் ஏற்பட்ட பிணக்கில் அதற்கு முன்பே விலகியிருந்தார். திரும்பி வந்தவரிடம் பயிற்சிக் காலத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். அவர் ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு ஆசிரியரானார், ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டியதில்லை, எங்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

தியான்சந்தின் 14 கோல்களை நம் பாடப்புத்தகங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. வைத்திருக்கட்டும். அந்த அணியின் கேப்டன் பெயரை இந்த அறையில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள்? உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நானும் கல்லூரியில் ஆடிய மூன்று ஆண்டுகளில் கேட்டதில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

இப்போது என் கதை. கல்லூரி மைதானத்தில் யாரும் என் சாதியைக் கேட்டதில்லை. இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் என் உடற்கல்வி ஆசிரியர் தன் சம்பளத்தில் எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவர். கல்லூரியில் பெனால்டி கார்னருக்கு நான் நிற்கும்போது, பந்தைத் தடுப்பாளா மாட்டாளா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. மைதானத்தில் சாதி இல்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

முதன்முதலாக என்னிடம் அதைக் கேட்டது ஒரு வேலைக்கான டிரயல்ஸில். களத்தில் நன்றாகவே செய்தேன். பிறகு ஒரு மேசைக்கு முன் நிற்க வைத்தார்கள். உட்கார்ந்திருந்தவர் பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். கோல் போஸ்டில் நிற்கப் போகிறவளுக்குத் தெரு எதற்கு? அன்று இப்படித் திருப்பிக் கேட்க எனக்குத் தெரியவில்லை. தெருப் பெயரைச் சொன்னேன். "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

அந்தக் கேள்வியால்தான் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. என்னைவிட நல்ல கீப்பர் யாராவது வந்திருக்கலாம். ஆனால் நிரூபிக்க முடியாத இடத்தில் நம்மை நிற்க வைக்கும் ஒரு கேள்வியை அங்கே ஏன் கேட்டார்கள்? நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மைதானத்துக்கு வெளியே, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கையில் மதிப்பெண் இருக்கும்போது சாதி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உங்கள் தொழில் தொடங்குவது அந்த மேசையில்தான்.

அதனால் அந்த மேசையின் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, தாள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் போதாது. அதற்கென்று வகுத்த படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3, பள்ளி மட்டத்துக்குப் படிவம் 4. படிவம் 3இல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கல்லூரியை விட்டுப் போய் ஓராண்டு கழித்து அந்தக் கையெழுத்துக்கு அலைந்தவள் நான். ஒருமுறை அலுவலர் விடுப்பு, ஒருமுறை பதிவேடு கிடைக்கவில்லை. வீட்டில் பஸ்ஸுக்குக் காசு கேட்டுக் கேட்டு ஏழு மாதம் போனது. அப்பா அரசு அலுவலராக இருக்கும் தோழிக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. நோ டியூஸ் வாங்கும் அன்றே படிவத்தையும் நீட்டுங்கள். ஸ்டிக் உள்ளே, கையெழுத்து வெளியே.

இரண்டாவது, வயது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிக்கைகளில் வயது 18 முதல் 25 என்றிருக்கும். யாருக்கும் வயதுத் தளர்வு இல்லை என்றும் அதிலேயே இருக்கும். மற்ற தேர்வுகளில் பட்டியல் சாதியினருக்கு 5 ஆண்டு, பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டு தளர்வு உண்டு என்று பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இடையில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் உண்டு. 21இல் முடிக்க வேண்டிய பட்டத்தை 23இல் முடிப்பவருக்கு எஞ்சியிருப்பது இரண்டே ஆண்டு. அந்த ஏழு மாதம் எனக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போது புரியும்.

மூன்றாவது, மதிப்பெண். ரயில்வேயில் 100க்கு 50 சாதனைகளுக்கு, 40 களத் தேர்வுக்கு, 10 கல்வித் தகுதிக்கு. களத் தேர்வின் 40இல் 25 வாங்கினால்தான் அடுத்த கட்டம். அந்த 40க்குள் ஆட்டத் திறன், உடல் தகுதியோடு பயிற்சியாளரின் கணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச் அளக்கும். கணிப்பை எது அளக்கும்? சாதனைக்கான 50ம் வானத்திலிருந்து விழுவதில்லை. மாநில அணியில் பெயர் வந்தால்தான் அந்த மதிப்பெண். மாநில அணியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு மேசைதான். ஆக, ஒரே மேசையின் வெவ்வேறு கால்களில் நம் எதிர்காலம் நிற்கிறது.

அடுத்து, "கோட்டா" என்ற சொல். என் அணியின் சென்டர் ஹாஃப் ஒருத்திக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. ஓட்டு வீட்டைக் கான்கிரீட்டாக்கினாள். தம்பியைப் பொறியியல் படிக்க வைத்தாள். ஒரு வேலை ஒரு தலைமுறையை மாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து மேசைக்காரர் கேட்டாராம்: "நீ ஸ்போர்ட்ஸ் கோட்டாவா, இல்ல அந்தக் கோட்டாவா?" அவள் சிரித்துச் சமாளித்திருக்கிறாள். உங்களையும் கேட்பார்கள். சிரிக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்.

என்ன பதில்? சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு செங்குத்தானது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கானது எல்லாச் சாதிப் பிரிவுகளையும் குறுக்கே வெட்டிச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு. விளையாட்டு ஒதுக்கீட்டையும் பல இடங்களில் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். இங்கே ஒரு தந்திரம் நடந்துவந்தது. கிடைமட்ட ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவு இடம் வந்தால், அதிக மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி விண்ணப்பதாரரை "உனக்குத்தான் தனி இடம் இருக்கிறதே" என்று ஒதுக்கிவிட்டு, குறைந்த மதிப்பெண் எடுத்த முன்னேறிய சாதியினரை எடுப்பது. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் பெண்களுக்கு இதைச் செய்தார்கள். சௌரவ் யாதவ் வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொதுப் பிரிவு எந்தச் சாதிக்கும் ஒதுக்கப்பட்ட இடமல்ல, தகுதி உள்ள எவரும் அதில் வரலாம். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது. பட்டியல் வெளியாகும்போது உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள். எந்தப் பிரிவில் யார், எத்தனை மதிப்பெண்ணில் எடுக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

உயரத்துக்குப் போய்விட்டால் சாதி தொடராது என்று சிலர் சொல்வார்கள். வந்தனா கட்டாரியாவிடம் கேளுங்கள். ஹரித்துவார் அருகே ரோஷ்னாபாத்காரர். ரயில்வேயில் வேலை பார்த்த வீராங்கனை. டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன் அப்பாவை இழந்தார். முகாமிலிருந்து இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கே நாளில், 2021 ஆகஸ்ட் 4 அன்று, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். தலித்துகள் அதிகமாக இருந்ததால்தான் தோற்றோம் என்று சாதி சொல்லித் திட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது.

ஹாட்ரிக் அந்த வாசலைக் காப்பாற்றவில்லை. குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்ததும், அதை ஏற்க ஒரு சட்டம் இருந்ததும்தான் அவர்களுக்குத் துணை நின்றன. அந்தச் சட்டம் சும்மா வந்ததா? களத்துக்கே வராத எத்தனையோ பேர் போராடிக் கொண்டுவந்தது. 2025இல் ஓய்வு பெறும்போது வந்தனா 320 ஆட்டங்கள் ஆடியிருந்தார். திட்டியவர்களின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

கடைசியாக ஒன்று. இங்கே இருக்கும் எல்லோருக்கும் விளையாட்டு வேலை கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஆனால் என் தெருப் பிள்ளைகளிடம் அந்த இரண்டு ஆண்டும் ஸ்டிக் போய்ச் சேராதது பற்றி வருந்துகிறேன். வேலை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் இருவருமே மைதானத்துக்குத் திரும்புங்கள். வீரராக மட்டுமல்ல. நடுவர் தேர்வு எழுதுங்கள். பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயம் படியுங்கள். மாவட்டச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். மேசைக்கு முன்னால் நிற்க நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பக்கம் உட்காரத்தான் ஆள் போதவில்லை.

என்றாவது நீங்கள் அங்கே உட்காரும்போது, பந்து பட்டுக் கன்றிப்போன முழங்கையோடு ஒரு பெண் உங்கள் முன் வந்து நிற்பாள். அவளிடம் பெயரைக் கேளுங்கள். எந்தப் பொசிஷனில் ஆடுகிறாள் என்று கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.

போகும்போது படிவம் 3இல் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

ஜெய்பீம்.