செம்பு இறங்கிய பாதை

இன்று நாம் போகப்போவது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால். அங்கே போட்மின் மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குட்டைப் புல், மஞ்சளாய்ப் பூக்கும் முட்புதர், காலை வைத்தால் நீர் கசியும் சதுப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல். இதன் தென்கிழக்கு ஓரத்தில், ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் இருக்கிறது மினியன்ஸ். கார்ன்வாலிலேயே உயரமான கிராமம் இதுதான். ஒரு தெரு, அதையொட்டிக் கொஞ்சம் வீடுகள், ஒரு தேநீர்க்கடை, ஒரு மதுக்கூடம், ஊர் முடிந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் பொம்மைகள் வரும் அந்தத் திரைப்படத்துக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இன்று ஆடுகளும் மட்டக்குதிரைகளும் மேயும் இந்த இடத்தில், 19-ஆம் நூற்றாண்டில் காது செவிடாகும் இரைச்சல். 1836-இல் பக்கத்துக் காரடன் குன்றின் சரிவில் செம்புத்தாது தட்டுப்பட்டது. அதற்கு முன் அங்கே சுரங்கப் பங்கு வாங்க ஆள் கிடைக்கவில்லையாம். தட்டுப்பட்ட பிறகு கேட்க வேண்டுமா? தெற்குக் காரடன் சுரங்கம் மட்டுமே மூடுவதற்குள் 2 லட்சம் டன்னுக்கு மேல் தாது கொடுத்தது. ஆண்கள் ஏணியில் கீழே இறங்கினார்கள். மேலே பெண்கள், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் உட்பட, மழையோ காற்றோ, சுத்தியலால் தாதுக்கல்லை உடைத்து நல்லதை வேறாக, சக்கையை வேறாகப் பிரித்துப் போட்டார்கள். அந்தச் சக்கைக் குவியல்கள் இன்றும் கிடக்கின்றன. பல இடங்களில் அவற்றின்மேல் புல்கூட முளைப்பதில்லை.

தாது கிடைத்தால் போதுமா? துறைமுகம் சேர வேண்டுமே. அதற்காக வந்ததுதான் லிஸ்கர்ட்–காரடன் ரயில்பாதை, 1844-இல். மினியன்ஸ் என்ற ஊரே இந்த ரயிலையும் சுரங்கங்களையும் கல்குவாரியையும் நம்பி எழுந்ததுதான். தொடக்க காலத்தில் கீழ்நோக்கிப் போக என்ஜினே கிடையாது. பாரம் ஏற்றிய பெட்டிகளை அவிழ்த்துவிட்டால் சரிவில் தாமாக உருண்டோடும். பிரேக்கைப் பிடித்தபடி ஓர் ஆள் கூடவே போவார். காலிப் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். அடிவாரத்தில் மூர்ஸ்வாட்டர் என்ற இடத்தில் சரக்கு கால்வாய்ப் படகுக்கு மாறி, லூ துறைமுகத்தைச் சேரும். 1860-இல் கால்வாய்க்குப் பதிலாகத் தண்டவாளமே லூ வரை வந்துவிட்டது.

மேலேயுள்ள காரடன் பாதையில் பயணிகளை ஏற்ற உரிமம் இல்லை. ஆனால், தொப்பிக்கோ குடைக்கோ சரக்குக் கட்டணம் கட்டிவிட்டு, அதன் சொந்தக்காரர் இலவசமாகத் தொற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். சட்டத்தில் சந்து கண்டுபிடிக்கும் வித்தை எல்லா ஊருக்கும் பொது!

1916-இல் மூர்ஸ்வாட்டருக்கு மேலே வண்டி நின்றது. உலகப்போருக்கு இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கருங்கல் கட்டைகளை எடுத்துப்போக யாரும் மெனக்கெடவில்லை. தண்டவாளத்தைத் தாங்கிய அந்தச் சதுரக் கற்கள் புல்லுக்குள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. குனிந்து பார்த்தால் ஆணி அடித்த துளைகள் தெரியும். மழை பெய்திருந்தால் துளைக்குள் தண்ணீர் நிற்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இதையெல்லாம் பார்ப்பதற்கு வருவதில்லை. ஹர்லர்ஸ் என்னும் மூன்று தொல்காலக் கல்வட்டங்களைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பந்தாடிய பாவத்துக்குக் கல்லான ஆட்கள் அவர்கள் என்ற கதையைக் கேட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுக் கற்கள் அடுக்கினாற்போல நிற்கும் சீஸ்ரிங் பாறையடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாறை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் காலடி வரை வந்து நிற்கும் குவாரிப் பள்ளத்தையும் பாருங்கள். அங்கே 18-ஆம் நூற்றாண்டில் டேனியல் கம் என்ற கல்தச்சர் பாறைக்கடியில் குகைவீடு கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். கணிதப் பித்துப் பிடித்தவர். வீட்டின் கூரைப்பாறையில் யூக்ளிடின் வடிவியல் படத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார். குவாரி விரிந்தபோது வீடு போயிற்று. கூரைப்பாறை மட்டும் இடம் மாறித் தப்பியது.

செம்பு விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தொழில் தெரிந்தவர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கப்பல் ஏறினார்கள். கார்ன்வால்காரர்கள் வந்து வேலை பார்த்த இடங்களில் நம் கோலார் தங்கவயலும் ஒன்று. அங்கே அவர்களுக்குக் கீழே ஆழத்தில் பாறை உடைத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். தங்கவயலில் சொந்தபந்தம் உள்ளவர்கள் மினியன்ஸின் சுரங்க என்ஜின் கட்டடங்களையும் உயரமான புகைபோக்கிகளையும் பார்த்தால் கொஞ்சநேரம் நின்றுவிடுவார்கள். கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது; காரடன் பகுதியும் அதில் அடக்கம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் பாடிங்டனிலிருந்து லிஸ்கர்டுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து கார் வைத்துக்கொள்வது நல்லது. மழைச்சட்டையும் கனமான காலணியும் கட்டாயம். பழைய சுரங்கக் குழிகள் நிறைய இருப்பதால் வேலியைத் தாண்டாதீர்கள். மூடுபனி இறங்கினால் ரயில்பாதைத் தடத்தை விட்டு விலகாதீர்கள். மறுநாள் லிஸ்கர்டிலிருந்து லூவுக்குப் போகும் சிறிய ரயிலில் ஏறுங்கள். செம்பு போன வழியின் கீழ்ப்பாதி அது. இன்றும் ஓடுகிறது, இப்போது குடைக்குத் தனிக் கட்டணம் இல்லை.